யோபு கேட்ட கேள்வி



கடவுள் நல்லவர் என்கிறோம். எல்லாம் வல்லவர் என்றும் சொல்கிறோம். அப்படியானால் மனிதனுக்குத் துன்பம் ஏன்? நல்லவராக இருந்தால் அதைத் தடுக்க விரும்புவார். வல்லவராக இருந்தால் அதைத் தடுக்க அவரால் முடியும். இரண்டும் சேர்ந்து இருந்தும் துன்பம் இருக்கிறதே! இந்தக் கேள்வி நாத்திகர் மாத்திரம் கேட்பதன்று. பக்தர்களே இதைக் கூடுதலாகக் கேட்டிருக்கிறார்கள். உலகின் சிறந்த இலக்கியங்கள் சிலவும் இதிலிருந்துதான் பிறந்தன. கிறிஸ்தவ மரபு இதற்கு என்ன சொல்கிறது என்பதே இன்றைய உரையின் பொருள்.

கேள்வியை ஆகாயத்தில் வைத்துப் பேசாமல் நமது கொழும்பிலேயே வைத்துப் பேசுவோம். கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தை அறியாதவர் நம்மில் இல்லை. செவ்வாய்க்கிழமைகளில் கத்தோலிக்கர் மாத்திரமன்றி இந்துக்களும் பௌத்தர்களும் வந்து மெழுகுவர்த்தி ஏற்றிச் செல்லும் இடம் அது. அந்த ஆலயத்தின் தோற்றம் பற்றி ஓர் ஐதீகம் உண்டு. ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கக் குருமாருக்குத் தடை இருந்த காலத்தில், கொச்சியிலிருந்து வந்த அந்தோனியோ என்ற குருவானவர் மறைந்து வாழ்ந்தார். கடல் கரையை அரித்துக்கொண்டிருந்தது. கடலரிப்பை நிறுத்தித் தந்தால் உம்மைக் காப்பாற்றுகிறோம் என்று மீனவர்கள் அவரிடம் சொன்னார்கள். அவர் கரையில் சிலுவையொன்றை நாட்டிச் செபித்தார். கடல் பின்வாங்கியது என்பது ஐதீகம்.

2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு. அன்று காலை அதே ஆலயத்தில், பூசைக்கு வந்த மக்கள் நடுவே தற்கொலைக் குண்டு வெடித்தது. நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிய செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பின் மூன்று பெரிய ஹோட்டல்களிலும் அதே காலையில் குண்டுகள் வெடித்தன. 260 பேருக்கு மேல் மாண்டனர். மட்டக்களப்பில் இறந்தவர்களிற் பலர் ஞாயிறு பாடசாலைக்கு வந்த பிள்ளைகள். கடலைத் திருப்பி அனுப்பிய கடவுள் குண்டை ஏன் தடுக்கவில்லை? அதுவும் மரணம் வெல்லப்பட்டது என்று பாடும் நாளில்? பிள்ளையைப் பறிகொடுத்த தாய் இப்படிக் கேட்டால் நாம் என்ன பதில் சொல்வோம்?

திருச்சபையின் சிந்தனையாளர்கள் தந்த பதில்களில் முதலாவது, மனிதனின் சுதந்திரம் பற்றியது. நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த புனித அகுஸ்தீனார் இதை விரிவாக எழுதினார். அன்பு செய்யும் ஆற்றலை மனிதனுக்குக் கொடுத்த கடவுள், அன்பு செய்ய மறுக்கும் ஆற்றலையும் சேர்த்தே கொடுக்க வேண்டியிருந்தது. கட்டாயப்படுத்தி வாங்கும் அன்பு அன்பாகாது. ஆகவே மனிதர் செய்யும் தீமை கடவுளின் கட்டளையால் நிகழ்வதன்று. அவர் தந்த சுதந்திரத்தை மனிதர் கெடுத்ததால் நிகழ்வது.

இந்தப் பதிலில் உண்மை உண்டு என்பதற்கு நமது தெருக்களே சாட்சி. 1983 ஜூலையில் வெள்ளவத்தையில் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது, தீ வைத்தவையும் மனிதக் கைகளே. அண்டை வீட்டுத் தமிழரை இழுத்து உள்ளே விட்டுக் கதவைச் சாத்திய சிங்களக் குடும்பங்களின் கைகளும் மனிதக் கைகளே. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். 1883ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் திகதி, அன்றும் ஓர் உயிர்த்த ஞாயிறு. கொட்டாஞ்சேனை விகாரையை நோக்கி வந்த பௌத்த ஊர்வலத்தைக் கத்தோலிக்கர் தாக்கினர், கலவரம் மூண்டது. தீமை எப்பொழுதும் பிறரிடமிருந்தே வருகிறது என்று எந்தச் சமயத்தவரும் சொல்லிவிட முடியாது.

இந்தப் பதிலால் வேறொரு நன்மையும் உண்டு. மனிதர் பொறுப்பேற்க வேண்டியதைக் கடவுளின் தலையில் சுமத்தாமல் அது நம்மைத் தடுக்கிறது. 2019 தாக்குதல் பற்றி முன்கூட்டியே எச்சரிக்கை கிடைத்திருந்தது. அதை வைத்துக்கொண்டு செய்யவேண்டியதைச் செய்யவில்லை என்று, முன்னாள் ஜனாதிபதி உள்ளிட்டோரை நட்டஈடு செலுத்துமாறு உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் தீர்ப்பளித்தது. எல்லாம் ஆண்டவன் சித்தம் என்று சொல்லி அமைதியாக இருந்திருந்தால் அந்தத் தீர்ப்பு வந்திராது. நீதி கேட்பது விசுவாசக் குறைவு ஆகாது.

ஆயினும் நேயர்களே, கடலுக்குச் சுதந்திர சித்தம் இல்லையே! 2004ஆம் ஆண்டு நத்தாருக்கு மறுநாள் வந்த ஆழிப்பேரலையில் இலங்கையில் மாத்திரம் முப்பதாயிரத்துக்கும் அதிகமானோர் மாண்டனர். அது யாருடைய பாவம்? 1755ஆம் ஆண்டு நவம்பர் முதலாந் திகதி, சகல புனிதர் திருநாளன்று, மக்கள் பூசையில் இருக்கையில் போர்த்துக்கல் நாட்டின் லிஸ்பன் நகரை நிலநடுக்கம் அழித்தபோது ஐரோப்பாவும் இதையே கேட்டது. வோல்தேர் போன்றவர்கள் அன்றைய சமாதானங்களை ஏளனம் செய்தார்கள்.

இங்கே இரண்டாவது பதில் வருகிறது. இரண்டாம் நூற்றாண்டவரான புனித இரனேயு, மனிதன் முழுமை பெற்றவனாகப் படைக்கப்படவில்லை, வளர்ந்து முழுமை பெறவேண்டியவன் என்று கருதினார். இவ்வுலகம் அந்த வளர்ச்சிக்கான களம். பொறுமையும் துணிவும் இரக்கமும் துன்பமில்லாத உலகில் தோன்றமாட்டா என்று பின்வந்தோர் இதை விரித்துரைத்தனர். இதிலும் உண்மை உண்டு. ஆனால் இதற்கு ஓர் எல்லையும் உண்டு. என் துன்பம் என்னைப் பண்படுத்தியது என்று நான் சொல்லலாம். இன்னொருவரிடம் போய், உமது பிள்ளையின் மரணம் உம்மைப் பண்படுத்தும் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆங்கில எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் 1940இல் வேதனையின் பிரச்சினை பற்றித் தெளிவான நூலொன்று எழுதினார். 1960இல் அவருடைய மனைவி இறந்தார். மறுவருடம் புனைபெயரில் அவர் வெளியிட்ட குறிப்புகளில் அந்தத் தெளிவு இல்லை. கடவுள் கதவைச் சாத்திவிட்டாரோ என்ற கலக்கம் இருக்கிறது. விசுவாசத்தை அவர் கைவிடவில்லை. ஆனால் விளக்கம் வேறு, ஆறுதல் வேறு என்பதை அனுபவித்து அறிந்தார்.

விவிலியத்தில் இதே கேள்விக்கென்று எழுந்த நூல் யோபு ஆகமம். நாற்பத்திரண்டு அதிகாரங்களைக் கொண்ட இந்நூலின் பெரும்பகுதி கவிதை. நமக்கு அதை விளங்கிக்கொள்ள ஒரு நல்ல வழி, அரிச்சந்திரன் கதையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. நடிகமணி வி. வி. வைரமுத்துவின் மயான காண்டத்தைப் பார்த்து அழுத தலைமுறை நம்மிடையே இன்னும் இருக்கிறது. இரண்டு கதைகளும் மேலுலக விவாதம் ஒன்றில் தொடங்குகின்றன. அங்கே வசிட்டருக்கும் விசுவாமித்திரருக்கும் வாதம்; இங்கே கடவுளின் முன்னிலையில் சாத்தானின் சவால். அங்கே மன்னன் நாட்டையும் மனைவியையும் மகனையும் இழந்து சுடலை காக்கிறான். இங்கே செல்வனான யோபு ஆடு மாடுகளையும் பத்துப் பிள்ளைகளையும் இழந்து, உடலெல்லாம் புண்ணாகிச் சாம்பலில் உட்காருகிறான்.

வேறுபாடு இனிமேல்தான். அரிச்சந்திரன் ஏன் என்று கேட்பதில்லை. வாய்மையைக் காப்பதே அவன் பெருமை. யோபுவோ கேட்கிறான். தான் பிறந்த நாளைச் சபிக்கிறான். கடவுளை வழக்குமன்றத்துக்கு இழுக்க விரும்புகிறான். அவனைப் பார்க்க மூன்று நண்பர்கள் வருகிறார்கள். ஏழு நாள் ஒன்றும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான். அதன்பின் வாய் திறக்கிறார்கள். நீ பாவம் செய்திருப்பாய், அதனால்தான் இந்தத் தண்டனை என்பதே அவர்களுடைய நீண்ட பேச்சுகளின் சாரம். நமது செத்தவீடுகளில் யார் செய்த பாவமோ என்று சொல்கிறோமே, அதே பேச்சு.

இறுதியில் கடவுள் சூறாவளியிலிருந்து பேசுகிறார். அவர் காரணம் எதையும் சொல்வதில்லை. சாத்தானின் சவாலைப்பற்றிக்கூட யோபுவிடம் ஒரு வார்த்தை சொல்வதில்லை. கடலுக்கு எல்லை வைத்தவர் யார், விடிவெள்ளிக்கு வழி காட்டியவர் யார் என்பதுபோல் படைப்பின் விரிவைக் காட்டிக் கேள்விகளையே கேட்கிறார். இது பதிலா என்று நாம் முணுமுணுக்கலாம். ஆனால் நூலின் முடிவைக் கவனியுங்கள். கடவுளுக்காக வாதாடிய நண்பர்கள்மீது கடவுள் கோபங்கொள்கிறார். அவர்கள் தம்மைப்பற்றிச் சரியாகப் பேசவில்லை, யோபுவே சரியாகப் பேசினான் என்கிறார். கடவுளோடு வழக்காடியவன் பக்தன். கடவுளுக்கு வக்காலத்து வாங்கியவர்கள் குற்றவாளிகள்! பக்தி இலக்கியத்தில் இப்படியொரு தீர்ப்பு அபூர்வம்.

இன்னொரு நுட்பமும் உண்டு. அரிச்சந்திரன் கதையில் பாம்பு தீண்டிய லோகிதாசன் உயிர்பெற்று எழுகிறான். யோபுவுக்கு ஆடு மாடுகள் இருமடங்காகத் திரும்பக் கிடைக்கின்றன. பிள்ளைகள் மாத்திரம் முன்போலப் பத்துப் பேரே பிறக்கின்றனர். முதற் பத்துப் பேரும் இவ்வுலகுக்குத் திரும்பவில்லை. அவர்கள் கடவுளிடத்தில் வாழ்கிறார்கள், அதனாலேயே எண்ணிக்கை இருமடங்காகவில்லை என்று உரையாசிரியர் சிலர் பொருள் கொள்வர். எப்படியாயினும் இழப்பு இழப்புத்தான் என்பதை அந்நூல் மறைக்கவில்லை.

நற்செய்தியிலும் இந்த விடயம் வருகிறது. பலி செலுத்திக்கொண்டிருந்த கலிலேயரைப் பிலாத்து கொன்றான் என்ற செய்தியை இயேசுவிடம் கொண்டுவந்தார்கள். வழிபாட்டு நேரத்தில் நடந்த கொலை அது. அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் அல்லர் என்று இயேசு அழுத்திச் சொல்கிறார். சீலோவாம் கோபுரம் இடிந்து மாண்ட பதினெட்டுப் பேரைப் பற்றியும் அதையே சொல்கிறார். நண்பர்களின் வாதத்தை அவர் ஏற்கவில்லை. பின்னர் அவரே சிலுவையில் தொங்கியபோது, கடவுள் தம்மைக் கைவிட்டது ஏன் என்று கேட்டார். அது சங்கீதங்களிலுள்ள ஒரு புலம்பலின் தொடக்கம். யோபுவின் கேள்வியை இப்பொழுது கடவுளின் மகனே கேட்கிறார். கிறிஸ்தவத்தின் தனித்துவமான பதில் இதுதான். கடவுள் துன்பத்துக்கு வெளியே நின்று விளக்கம் சொல்பவர் அல்லர். துன்பத்துக்கு உள்ளே வந்து உட்கார்ந்தவர்.

நமது ஈழத்துக் கத்தோலிக்கத் தமிழ் இலக்கியம் இந்த உண்மையை நன்கு உணர்ந்திருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கு பணியாற்றிய ஜாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாரின் ‘வியாகுலப் பிரசங்கம்’ தவக்காலத்தில் நம்மவர் ஓதிவந்த நூல். அது துன்பத்துக்குத் தத்துவம் சொல்லும் நூலன்று. பாடுபடும் கிறிஸ்துவின் அருகிலும் அவருடைய தாயின் அருகிலும் கேட்பவரைக் கொண்டுபோய் நிறுத்தி அழவைக்கும் நூல். அழுவதும் ஒரு செபம் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

அழுகையோடு நின்றுவிடவும் இல்லை. அடிகளாருக்கு முன்னோடியாக 1687இல் மாறுவேடத்தில் இலங்கை வந்தவர் யோசேவாஸ் முனிவர். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவி, நோயாளரை உறவினரே கைவிட்டபோது, அவரும் அவருடைய மருமகனான குருவானவரும் வீடுவீடாகச் சென்று புண்களைக் கழுவினர், உணவூட்டினர், இறந்தவரை அடக்கஞ் செய்தனர். நோய் ஏன் வந்தது என்று அவர் ஆராய்ந்துகொண்டிருக்கவில்லை. 2015 ஜனவரியில் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

நேயர்களே, கொச்சிக்கடை ஆலயம் 2019 ஜூனில், அந்தோனியார் திருநாளுக்கு முதல்நாள் மீண்டும் திறக்கப்பட்டது. கட்டுவாப்பிட்டியவில் உயிர்த்த இயேசுவின் சுரூபம் ஒன்றிலே அன்று இரத்தம் தெறித்தது. அந்தக் கறையைத் துடைத்துவிடாமல் சுரூபத்தைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்திருக்கிறார்கள். அதன் முன்னால் நிற்பவருக்கு ஏன் என்ற கேள்விக்கு விடை கிடைப்பதில்லை. ஆனால் தன் பிள்ளையின் இரத்தமும் கடவுளின் மேனியும் வெவ்வேறாக நிற்கவில்லை என்பதை ஒரு தாய் அங்கே காணலாம்.

அந்தத் தாய்க்கு நாம் என்ன சொல்வது என்று தொடக்கத்தில் கேட்டோம். அகுஸ்தீனாரும் இரனேயுவும் நாம் நிதானமாகச் சிந்திக்கும் வேளைக்கு உதவுவார்கள். செத்தவீட்டு விறாந்தையில் அவர்கள் வேண்டாம். அங்கே யோபுவின் நண்பர்களைப்போல முதல் ஏழு நாளும் இருந்தால் போதும். எட்டாம் நாள் பேச்சு வேண்டாம். அவள் கடவுளைத் திட்டினால் தடுக்கவும் வேண்டாம். அவளுடைய கேள்வியும் செபமே என்று கடவுளே தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்.