வெளிநாட்டில் வாடகை வீடு: அட்வான்ஸ் அனுப்பும் முன் செல்போனில் சரிபாருங்கள்

விசா வந்தாச்சு, டிக்கெட்டும் போட்டாச்சு. திண்டிவனத்தில் பெட்டி கட்டிக்கொண்டிருக்கும்போது வாட்ஸ்அப்பில் நாலு போட்டோ வருகிறது. "ரூம் ரெடி. நாளைக்குள்ள அட்வான்ஸ் போடலைன்னா வேற ஆளுக்குக் கொடுத்துடுவோம்." இறங்கியதும் தங்க இடம் வேணுமே என்று வீட்டில் உள்ளவர்களும் "அனுப்பிடுப்பா" என்பார்கள்.

கொஞ்சம் பொறுங்க. விழுப்புரத்தில் வீடு பார்த்தால் ஓனரை நேரில் பார்ப்போம், அக்கம்பக்கத்தில் விசாரிப்போம், தண்ணி வருதான்னு கேட்போம். வெளிநாட்டில் நமக்காக விசாரிக்க ஆள் இல்லை. அங்கே நமக்குத் துணை அரசுப் பதிவுதான். அதைப் பார்க்காமல் ஒரு ரூபாய் கூட அனுப்பாதீங்க.

முதலில் வேலை ஒப்பந்தம்

தங்குமிடம் கம்பெனி தருகிறதா, அல்லது வீட்டு வாடகைப்படி மட்டும் தருகிறதா என்று வேலை ஒப்பந்தத்தில் பாருங்கள். இடம் கம்பெனி பொறுப்பு என்று எழுதியிருந்தால், ஏஜென்ட் தனியாக ரூம் அட்வான்ஸ் கேட்பது ஏன் என்று கேளுங்கள்.

துபாய் போகிறீர்களா?

• அங்கே வாடகை ஒப்பந்தத்தை "எஜாரி" என்ற அரசு முறையில் பதிவு செய்ய வேண்டும். மின்சாரம், தண்ணீர் இணைப்பு பெறவும், பிறகு குடும்பத்தை அழைத்துக்கொள்ளவும் இந்தப் பதிவு தேவைப்படும்.

• இணையத்தில் வரும் வீட்டு விளம்பரத்தில் துபாய் நிலத்துறையின் அனுமதி எண் இருக்க வேண்டும். புரோக்கரின் உரிமத்தை "துபாய் ரெஸ்ட்" செயலியில் சரிபார்க்கலாம்.

• முன்பணம் வழக்கமாக ஆண்டு வாடகையில் 5 சதவீதம், சாமான்களோடு கூடிய வீட்டுக்கு 10 சதவீதம். அதற்கு மேல் கேட்டால் காரணம் கேளுங்கள்.

• "பெட் ஸ்பேஸ்" எடுப்பவர்கள்தான் அதிகம் கவனிக்க வேண்டும். ஓனரின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் வாடகைக்கு இருப்பவர் உள்வாடகைக்கு விடக்கூடாது. அப்படி விட்டது தெரிந்தால் அவரோடு சேர்ந்து நீங்களும் வெளியேற வேண்டி வரும். 2025 ஜூனில் ரிக்கா, முரக்கபாத், சத்வா போன்ற பகுதிகளில், அனுமதியின்றித் தடுப்பு வைத்துப் பிரித்த அறைகள் மீது துபாய் நகராட்சி நடவடிக்கை எடுத்தது. எனவே ஓனரின் அனுமதிக் கடிதத்தைக் கேட்டுப் பாருங்கள். அங்கே தங்குபவர்கள் பட்டியலில் உங்கள் பெயரும் பதிவாக வேண்டும்.

சிங்கப்பூர் போகிறீர்களா?

• கட்டுமானம், கப்பல் பட்டறை போன்ற துறைகளில் வொர்க் பெர்மிட்டில் போகும் இந்தியர்கள் அரசின் வீவக அடுக்குமாடி வீட்டில் வாடகைக்கு இருக்க முடியாது. "வீவக ரூம் இருக்கு" என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

• அனுமதி உள்ளவர்களுக்கும் வீவக வீட்டின் வாடகைக் காலம் குறைந்தது 6 மாதம், தனியார் வீட்டுக்கு 3 மாதம். "ஒரு மாசத்துக்குத் தர்றோம்" என்றால் அது விதிமீறல்.

• முகவரின் செல்போன் எண்ணை அந்நாட்டுச் சொத்து முகவர் மன்றத்தின் பொதுப் பதிவேட்டில் போட்டுப் பாருங்கள். வீவக வீட்டு வாடகைப் பணத்தை முகவர் தன் கையில் வாங்கக்கூடாது. ஓனருக்கு நேரடியாக அனுப்புங்கள்.

• ஒப்பந்தத்துக்கான முத்திரைத் தீர்வையை வழக்கமாக வாடகைக்கு இருப்பவர்தான் கட்ட வேண்டும். சிங்கப்பூரில் கையெழுத்திட்டால் 14 நாளுக்குள் கட்டணும். கட்டாத ஒப்பந்தம் நீதிமன்றத்தில் செல்லாது.

நம்ம ஊரிலும் இதே கதைதான்

ஆரோவில், வானூர் பக்கம் வெளிநாட்டவருக்கு வீடு விடுபவர்கள், அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் அரசுக்குத் தகவல் தர வேண்டும். 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த நம் மாநில வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்யணும். அங்கே போனால் நாம்தான் வெளிநாட்டுக்காரர். பதிவில் பேர் இருந்தால்தான் நம் பேச்சு எடுபடும்.

மறக்காமல் செய்யுங்கள்

1. வீடியோ காலில் வீட்டைக் காட்டச் சொல்லுங்கள். வெறும் போட்டோவை நம்பாதீங்க.
2. முடிந்தால் முதல் சில நாள் கம்பெனி இடத்திலோ தெரிந்தவரிடமோ தங்கி, நேரில் பார்த்த பிறகு முன்பணம் கொடுங்கள். கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள்.
3. பாஸ்போர்ட் அசலை ஓனரிடமோ புரோக்கரிடமோ ஒப்படைக்காதீங்க.
4. குடியேறும் நாளில் சுவர், குழாய், சாமான்களைப் போட்டோ எடுத்து ஓனருக்கு அனுப்பிவிடுங்கள். காலி செய்யும்போது முன்பணத்தில் பிடித்தம் செய்தால் அதுதான் சாட்சி.
5. ஒப்பந்தத்தின் நகலை ஊரில் உள்ளவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள்.

இங்கிருந்தே பணம் அனுப்பி ஏமாந்தது தெரிந்தால், வெட்கப்பட்டுத் தள்ளிப்போடாமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை முடக்கி வைக்க அவ்வளவு வாய்ப்பு. வெளிநாட்டில் சிக்கல் என்றால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தையும், தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலன் ஆணையரகத்தையும் அணுகலாம்.

"நாளைக்குள்ள போடுங்க" என்று யார் அவசரப்படுத்தினாலும், இந்தச் சோதனைகளை முடித்துவிட்டு அனுப்புங்கள்.