‘பரையா’ என்ற சொல் எங்கிருந்து வந்தது?

கட்டுமரம், சுருட்டு, கறி என்று தமிழ் ஆங்கிலத்துக்குக் கொடுத்த சொற்களைப் பிள்ளைகளிடம் பெருமையா சொல்வோம். அந்தப் பட்டியலில் இன்னொரு சொல்லும் உண்டு. அதை மட்டும் சத்தமில்லாமல் தாண்டிப் போயிடுவோம். அதுதான் ‘பரையா’.

பார்சிப்பனியில் மிடில் ஸ்கூல் படிக்கும் பிள்ளைக்கு இது செய்தியில் காதில் விழும் சொல். மற்ற நாடுகள் ஒதுக்கிவைத்த நாடு ‘பரையா ஸ்டேட்’. யாரும் சேர்த்துக்கொள்ளாத ஆள் ‘பரையா’. ஆங்கில அகராதியைத் திறந்தால் மூலம் தமிழ் என்றே போட்டிருக்கும். பறையர் என்ற பெயர்தான் அது. பறை என்பது தோல் கருவி. ‘பறைதல்’ என்றால் சொல்லுதல். இன்றும் ‘பறைசாற்றினார்’ என்கிறோமே, அதே பறைதான்.

17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இது ஒரு சாதியின் பெயராகத்தான் ஆங்கிலத்தில் நுழைந்தது. 19-ஆம் நூற்றாண்டில் ‘ஒதுக்கப்பட்டவர்’ என்ற பொதுப்பொருள் பரவியது. தெருநாய்க்குக்கூட ‘பரையா டாக்’ என்று பெயர் வைத்தார்கள். ஆனால் பழியை வெள்ளைக்காரர்கள் மேல் மட்டும் போட முடியாது. நம்ம ஊரில் பார்த்த இழிவைத்தான் அவர்கள் எழுதிக்கொண்டு போனார்கள்.

அந்தப் பெயரைச் சுமந்தவர்களும் சும்மா இருக்கவில்லை. 1893-ல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ என்ற பெயரிலேயே பத்திரிகை தொடங்கினார். 1922-ல் எம்.சி. ராஜா சென்னை சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்த பிறகு, அரசு ஆவணங்களில் ‘ஆதி திராவிடர்’ என்ற பெயர் வந்தது. 2025-ல் மதுரைப் பக்கத்துப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு பத்மஸ்ரீ அறிவித்தார்கள்.

நான் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கேன். அடிமைமுறையை நினைவுபடுத்துகிறது என்று 2020-ல் கிட்ஹப் ‘மாஸ்டர்’ என்ற பெயரை ‘மெயின்’ என்று மாற்றியது. சில நாளில் எல்லோருக்கும் பழகிவிட்டது. ‘பரையா’ மட்டும் இன்னும் தலைப்புச் செய்தியில் வருது. அதைக் கேட்கும் தமிழ்ப் பிள்ளைகளில் ஒருவரின் தாத்தா அந்தப் பெயரால் அவமானப்பட்டவராக இருக்கலாம்.

இப்போ நம் பொங்கல் விழாக்களில் பிள்ளைகள் பறை அடிக்கிறாங்க, நாமும் கைதட்டுறோம். அந்தக் கருவியின் பெயரும் இந்தச் சொல்லும் ஒரே இடத்திலிருந்து வந்தவை என்று வீட்டில் சொல்லுங்கள். கட்டுரை எழுதும்போது ‘அவுட்காஸ்ட்’ போதும் என்றும் சொல்லுங்கள். “ஏன் ஒதுக்கினாங்க?” என்று அடுத்த கேள்வி வரும். சாதி என்று நேராகப் பதில் சொல்லுங்கள். “அதெல்லாம் அந்தக் காலம்” என்று மட்டும் முடித்துவிடாதீர்கள்.