வயலில் தண்ணீர் நின்றாலும் வீட்டில் பேச்சு நிற்கக் கூடாது

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் டெல்டா விவசாயியின் தூக்கம் வானத்தைப் பொறுத்தது. நட்ட சம்பா தண்ணீரில் நிற்கும். உரக்கடை பாக்கி, நகைக்கடன் வட்டி, பிள்ளைகளின் படிப்புச் செலவு எல்லாம் அதே நேரத்தில் வந்து நிற்கும். பயிரைக் காப்பாற்ற வடிகால் வெட்டுகிறோம், நீர் வடிந்ததும் மேலுரம் இடுகிறோம். அதே நேரத்தில் வீட்டிலுள்ளவர்களின் மனதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பல கிராமங்களில் நான் கண்டது இதுதான்: கடன் எவ்வளவு என்பது குடும்பத் தலைவர் ஒருவருக்கு மட்டுமே தெரிகிறது. 'சொன்னால் பயப்படுவார்கள்' என்று அவர் மறைக்கிறார். சொல்லாவிட்டாலும் வீட்டில் எல்லோரும் பயந்துகொண்டுதான் இருக்கிறார்கள். என்ன என்று தெரியாத பயம் இன்னும் கொடியது.

கணக்கை விரித்துப் பேசுங்கள்

சாப்பாடு முடிந்த ஒரு மாலையில் கணவனும் மனைவியும் ஒரு நோட்டை எடுத்து உட்காருங்கள். கூட்டுறவுச் சங்கம், வங்கி, நகைக்கடன், கைமாத்து என்று தனித்தனியே எழுதுங்கள். எதற்கு வட்டி அதிகம், எதற்குத் தவணை கேட்கலாம் என்று குறியுங்கள். 'அப்பவே சொன்னேனே' என்ற பேச்சு அன்று வேண்டாம். பிள்ளைகளிடமும், 'இந்த வருஷம் செலவைக் குறைக்கிறோம், உன் படிப்பு நிற்காது' என்று சொல்லிவிடுங்கள். முடியாததை வாக்குக் கொடுக்காதீர்கள்.

வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள்

பயிர் மூழ்கினால் உடனே வேளாண்மை அலுவலகத்திலும் கிராம நிர்வாக அலுவலரிடமும் தகவல் சொல்லுங்கள். 33 சதவிகிதமும் அதற்கு மேலும் சேதமான பயிருக்கே அரசு நிவாரணம் என்பதால், கணக்கெடுப்பு நடக்கும்போது வயலில் உங்கள் ஆள் ஒருவர் இருப்பது நல்லது. சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தக நகல்களை ஒரு பையில் வைக்கும் பொறுப்பைப் படித்த மகளிடமோ மகனிடமோ கொடுங்கள். சுமை ஒருவர் தலையிலிருந்து இறங்கும்.

சம்பா நெல் காப்பீட்டுக்கு நாம் கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவிகிதம். மகசூல் இழப்புக்கான தொகை, அறிவிக்கப்பட்ட பகுதியில் நடக்கும் பயிர் அறுவடைப் பரிசோதனையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. ஆகவே அது கைக்கு வரக் காலமாகும். அதை நம்பிப் பொங்கலுக்குள் திருப்பித் தருவதாகக் கடன்காரரிடம் சொல்லாதீர்கள். வராதபோது உண்டாகும் அவமானமே பலரை ஒடித்துவிடுகிறது.

இவற்றைக் கவனியுங்கள்

தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வயல் பக்கமே போவதில்லை, போனை எடுப்பதில்லை, குடி கூடிவிட்டது, 'நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி' என்ற பேச்சு. இவை இரண்டு மூன்று சேர்ந்து தெரிந்தால் சும்மா இருக்காதீர்கள். பக்கத்து வயல்காரர், 'என்னண்ணே, ரெண்டு நாளா ஆளையே காணோம்? வாங்க, டீ சாப்பிடுவோம்' என்று கூப்பிட்டாலே பாதிக் கதவு திறந்துவிடும். 'சாகணும்னு தோணுதா?' என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. மனதிலுள்ளதைச் சொல்ல வழி கிடைக்கும். அப்படிச் சொன்னவரைத் தனியே விடாதீர்கள்.

பெண்களின் மனதையும் மறக்க வேண்டாம். அடகுக்குப் போவது அவர்கள் நகை. கடன் கேட்டு வாசலுக்கு வருபவருக்குப் பதில் சொல்வதும் பெரும்பாலும் அவர்கள்தான்.

பூச்சிமருந்துக்குப் பூட்டு

மருந்தைத் தேவைக்கு மட்டும் வாங்குங்கள். மிச்சத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை வேறொருவரிடம் கொடுங்கள். ஆவேசமான அந்தச் சில நிமிடங்களில் கைக்கு எட்டாமல் இருந்தாலே ஓர் உயிர் தப்பலாம். யாராவது குடித்துவிட்டால் உப்புக் கரைசல், சோப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108-ஐ அழைத்து, மருந்து பாட்டிலையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரையுங்கள்.

மனச்சோர்வும் ஒரு நோய்தான், அதற்கு மருந்து உண்டு. மாவட்ட அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் இலவசமாகக் காட்டலாம். 14416 டெலி மனஸ் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். 104-லும் ஆலோசனை கிடைக்கும். இந்த மூன்று எண்களையும் இன்றே வீட்டுக் காலண்டரில் எழுதி வையுங்கள்.