உங்களுக்குத் தெரியுமா? 10 மணிக்கு ஏறி 10 மணிக்கே இறங்கலாம்!

அர்ஜென்டினாவின் மெண்டோசாவிலிருந்து சிலியின் தலைநகர் சாண்டியாகோவுக்கு வான்வழியில் சுமார் 200 கி.மீ.தான். விமானம் ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். குளிர்காலத்தில் சிலியின் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்தங்கி ஓடுவதால், காலை 10 மணிக்குக் கிளம்பியவர் இறங்கும்போதும் கிட்டத்தட்ட 10 மணிதான்!

பஸ் ஏறினால் கதை வேறு. குறுக்கே நிற்பது ஆண்டிஸ் மலை. 350 கி.மீ.க்கு மேல் வளைந்து நெளிந்து, 3,000 மீட்டருக்கு மேலான உயரத்தில் ஒரு சுரங்கப்பாதையைக் கடந்து, சிலிப் பக்கம் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குவதற்குள் ஏழெட்டு மணி நேரம் ஓடிவிடும். எல்லைச் சோதனையில் வரிசை நீண்டால் இன்னும் கூடும். பனி கொட்டினால் பாதையையே மூடிவிடுவார்கள்.

விமானத்தில் சாண்டியாகோ போகிறவர்கள் வலப்பக்க ஜன்னலைக் கேட்டு வாங்குவது நல்லது. வானம் தெளிவாக இருந்தால் 6,961 மீட்டர் உயர அகோன்காகுவா சிகரம் தெரியும்.

1972 அக்டோபர் 13 அன்று இதே ஊர்களுக்கிடையே பறந்த உருகுவே விமானப்படை விமானம் மலையை நேராகத் தாண்டுவதென்றால், அதன் உயர வரம்பை ஒட்டியே பறக்க வேண்டியிருந்திருக்கும். அதனால் தெற்கே தாழ்வான கணவாய் வழியாகச் சுற்றிப் போனது. மலையைக் கடந்தாயிற்று என்று விமானி தப்புக் கணக்குப் போட்டு வடக்கே திரும்ப, விமானம் மோதி நொறுங்கியது. 45 பேரில் 16 பேர் மட்டும், 72 நாட்களைப் பனியில் கழித்து உயிரோடு மீண்டார்கள்.