காலப்பிரமாணம் தவறாத கணினி

மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில், எழுபது வயதைத் தாண்டிய பாட்டி ஒருவர் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நடவுப் பாட்டுப் பாடினார். அவர் முன்னால் ஒரு மைக், பக்கத்தில் என் லேப்டாப். நாற்பது நிமிடம் பாடினார். இரவு வீட்டுக்கு வந்து ஹெட்போனில் கேட்டால், குரலுக்குப் பின்னால் லேப்டாப்பின் விசிறி இரைந்துகொண்டே இருந்தது. அதுகூடப் பரவாயில்லை. நடுநடுவே ‘டிக்… டிக்’ என்று ஒலி முறிந்திருந்தது. குரல் ஏறி நிற்கிற இடத்திலேயே ஒரு முறிவு. கடையில் இருந்தவற்றிலேயே வேகமானது என்று கேட்டு வாங்கிய புது லேப்டாப் அது. மறுவாரம் போய் மறுபடி பதிவு செய்தேன். பாட்டியும் பாடினார், ஆனால் முதல் நாள் வந்த பாட்டு வரவில்லை.

வேகமான கணினி ஏன் ஒரு பாட்டைக்கூட ஒழுங்காகப் பிடிக்கவில்லை? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால், இசைக்கான லேப்டாப்பைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்துவிடும்.

மாநகராட்சிக் குழாயடியை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் நிற்காமல் வருகிறது. ஒரு குடம் நிறைகிறது, அதைத் தூக்கி அண்டாவில் ஊற்றிவிட்டு வருவதற்குள் அடுத்த குடம் நிறைந்துகொண்டிருக்கிறது. ஊற்றப் போனவர் வழியில் யாரோடாவது பேசிக்கொண்டு நின்றுவிட்டால் குடம் வழிந்துவிடும். லேப்டாப்பில் ஒலி சேர்வதும் இப்படித்தான். மைக்கிலிருந்து வரும் ஒலியை ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற சின்னப் பெட்டி எண்களாக மாற்றுகிறது, வினாடிக்கு 48,000 எண்கள். அவற்றைக் கணினி ஒவ்வொன்றாக வாங்குவதில்லை. குடம் குடமாக வாங்குகிறது. அந்தக் குடத்துக்குப் பஃபர் என்று பெயர். ஒரு குடத்தை எடுக்கக் கணினி தாமதித்தால், வழிந்துபோன ஒலி நமக்கு ‘டிக்’ என்று கேட்கிறது.

பெரிய குடமாக வைத்துவிட்டால் வழியாதே என்று தோன்றும். வழியாதுதான். ஆனால் 1,024 எண்கள் கொள்ளும் குடம் நிறைய ஏறத்தாழ 21 மில்லி வினாடி ஆகும். பாடுகிறவர் தன் குரலை லேப்டாப் வழியாகவே ஹெட்போனில் கேட்டுக்கொண்டு பாடினால், அந்தத் தாமதம் அவரைத் தடுமாற வைக்கும். காற்றில் ஒலி வினாடிக்குச் சுமார் 350 மீட்டர் போகிறது. 21 மில்லி வினாடி என்றால் ஏழு மீட்டருக்குமேல். ஏழு மீட்டர் தள்ளி நிற்கிற தவிலைக் கேட்டு நாதஸ்வரக்காரர் வாசிப்பது போன்றது அது. உள்ளே ஒரு குடம், வெளியே ஒரு குடம் என்று ஒலி இரண்டு தடவை நிறைந்து வருவதால், உண்மையில் தாமதம் இதைப்போல இரண்டு மடங்குக்கும் மேலே போகும். 128 எண்கள் கொள்ளும் சின்னக் குடம் என்றால் மூன்று மில்லி வினாடிக்கும் குறைவு, பாடுகிறவருக்கு உறைக்காது. ஆனால் அப்போது கணினி வினாடிக்கு 375 தடவை, ஒரு தடவைகூடப் பிசகாமல், வந்து குடத்தைத் தூக்க வேண்டும்.

ஆக, கணினியிடம் நாம் கேட்பது காலப்பிரமாணம். தவில்காரர் எத்தனை வேகமாகக் கோர்வை வைத்தாலும், தாளம் போடுகிறவர் ஒரு தட்டுத் தள்ளினால் கச்சேரி போச்சு. கடைக்காரர் சொல்லும் கிகாஹெர்ட்ஸ் கணக்கு கோர்வையின் வேகத்தைச் சொல்லும். தாளம் நிற்குமா என்பதைச் சொல்லாது.

தாளத்தைக் கெடுப்பது பெரும்பாலும் ப்ராசஸர் கிடையாது. வைஃபை, பின்னணியில் ஓடும் ஆன்டிவைரஸ், தானாக இறங்கும் அப்டேட், மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறேன் என்று ப்ராசஸரைத் தூங்க வைக்கும் அமைப்பு, இவைதான் குடம் தூக்கப் போனவரை வழியில் நிறுத்திப் பேசுகிறவை. விண்டோஸ் லேப்டாப்பில் லேட்டன்ஸிமான் என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டால், எந்த டிரைவர் எவ்வளவு நேரம் மறிக்கிறது என்று காட்டிவிடும். என் லேப்டாப்பில் வைஃபை டிரைவர்தான் குற்றவாளி. பதிவின்போது வைஃபையை அணைத்ததும் முறிவு நின்றது. பதிவு மென்பொருள் இன்டர்ஃபேஸோடு நேராகப் பேசுவதற்கு ஸ்டெய்ன்பெர்க் நிறுவனம் 1997-இல் கொண்டுவந்த ஏசியோ என்ற வழி விண்டோஸில் தேவை. இன்டர்ஃபேஸ் வாங்கும்போது அதற்கென்றே எழுதிய ஏசியோ டிரைவர் உண்டா என்று பாருங்கள். மேக்கில் இதற்கான ஏற்பாடு கோர் ஆடியோ என்ற பெயரில் கூடவே வருகிறது. தொல்லை குறைவு என்று இசைக்காரர்கள் மேக்கைச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பதிவு செய்வது வேறு, இசை கோப்பது வேறு. இரண்டு மைக்கில் பாட்டையும் உறுமியையும் பதிவு செய்ய மிகச் சாதாரணக் கணினி போதும். தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினி இன்னும் பல வீடுகளில் பரண்மேல் கிடக்கிறது. ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டு, தேவையில்லாதவற்றை நீக்கினால், அதிலேயே இரண்டு ட்ராக் பதிவை ஒப்பேற்றிவிடலாம். சுமை ஏறுவது பிறகுதான். முப்பது ட்ராக், ஒவ்வொன்றிலும் எதிரொலி, வடிகட்டி, கணினிக்குள்ளேயே வாசிக்கும் வயலின் கூட்டம், தம்புரா என்று சேர்க்கும்போது ப்ராசஸருக்கு வேலை வரும். ஒரே ட்ராக்கில் வரிசையாகப் போடும் விளைவுகளை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் கணக்கிட முடியும் என்பதால், ப்ராசஸரில் எத்தனை கோர் என்பதைவிட ஒரு கோரின் வேகம் முக்கியம். வாத்தியங்களின் ஒலித்துணுக்குகள் ரேமில் போய் உட்கார்ந்துகொள்ளும்; இசை கோப்பவர்கள் 16 ஜி.பி.க்குக் குறையாமல் வாங்குங்கள். மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ரேமைப் பலகையோடு பற்றவைத்துவிடுகிறார்கள், பிறகு கூட்ட முடியாது. தனி கிராஃபிக்ஸ் கார்டு இசைக்கு வேண்டியதில்லை. அந்தப் பணத்தை மைக்குக்கு வையுங்கள்.

இனி நம்ம ஊர் விஷயம். சித்திரையில் மதுரை வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிறது. ஆப்பிள் தன் மடிக்கணினிகளைப் பயன்படுத்தச் சொல்லும் சுற்றுப்புற வெப்பம் 10 முதல் 35 டிகிரி வரைதான். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் தல்லாகுளத்தில் மைக்கோடு நிற்கிறவர் அந்த எல்லைக்கு வெளியேதான் நிற்கிறார். சூடு ஏறினால் ப்ராசஸர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காலையில் ஒழுங்காக ஓடிய அதே வேலை மதியம் முறிவது இதனால்தான். 2020 நவம்பரில் வந்த எம்1 சிப் கொண்ட மேக்புக் ஏரில் விசிறியே கிடையாது. சத்தமில்லாமல் பதிவு செய்ய அதற்கு ஈடான லேப்டாப் குறைவு. ஆனால் நீண்ட நேரம் கனமான வேலை கொடுத்தால், வெளியேற்ற விசிறி இல்லாத சூடு அதன் வேகத்தை மட்டுப்படுத்தும். விளையாட்டுக்கென்று விற்கும் லேப்டாப்கள் நேரெதிர்: சூட்டைத் தாங்கும், ஆனால் மாவு மில் மாதிரி இரையும். வெளியில் போய்ப் பதிவு செய்கிறவருக்கு என் தேர்வு, வேகம் கொஞ்சம் குறைந்தாலும் இரையாத கணினிதான். எதுவானாலும் மெத்தைமீதோ மடியில் துணிமீதோ வைக்காமல் மரப்பலகைமீது வையுங்கள். நிழல் வேண்டும். காலை எட்டு மணிக்குள் முடித்துக்கொண்டால் கணினிக்கும் நல்லது, பாடுகிறவருக்கும் நல்லது.

விசிறி இரைச்சலுக்குப் பணமில்லாத ஒரு தீர்வு உண்டு. மைக் வயரை நீட்டுங்கள். சமநிலை வயர் எனப்படும் மூன்று முனை மைக் வயர் பத்து, இருபது மீட்டர் போனாலும் ஒலி கெடாது. இன்டர்ஃபேஸையும் லேப்டாப்பையும் இணைக்கும் யு.எஸ்.பி. வயர்தான் ஐந்து மீட்டருக்குள் இருக்க வேண்டும். எனவே பாட்டி திண்ணையில், லேப்டாப் உள்ளறையில். இதை அன்றே செய்திருந்தால் அந்த முதல் நாள் பாட்டில் பாதிக் குறை தீர்ந்திருக்கும்.

அடுத்தது கரண்ட். திருவிழாப் பந்தலில் ஜெனரேட்டரிலிருந்து வரும் மின்சாரம், எர்த் சரியில்லாத வீட்டு வயரிங், இரண்டு முள் சார்ஜர், எல்லாம் சேர்ந்தால் ஹெட்போனில் ‘உம்ம்’ என்று ஓர் இரைச்சல் அடியில் ஓடும். நம் மின்சாரம் வினாடிக்கு 50 சுற்றாகத் திசை மாறி மாறி ஓடுவதன் சத்தம் அது. சார்ஜரைப் பிடுங்கியதும் பெரும்பாலும் நின்றுவிடும். ஆகவே பதிவு முழுவதும் பேட்டரியில் நடக்க வேண்டும். நீங்கள் கேட்க வேண்டியது, இன்டர்ஃபேஸுக்கும் மின்சாரம் கொடுத்துக்கொண்டு, கன்டென்சர் மைக்குக்கான 48 வோல்ட்டையும் தாங்கிக்கொண்டு எத்தனை மணி நேரம் நிற்கும் என்பது. பெட்டியில் அச்சிட்ட மணிக்கணக்கில் பாதியை நம்பிப் போகலாம் என்பது என் அனுபவக் கணக்கு.

பறையைப் பற்றி ஒரு வார்த்தை. வாசிப்பதற்கு முன் தீ மூட்டித் தோலைக் காய்ச்சுவார்கள். காய்ந்த பறையின் முதல் அடியில், சரிபார்த்தபோது இருந்ததைவிடப் பல மடங்கு ஒலி பாய்ந்து வந்து பதிவு கிழிந்துவிடும். 24 பிட்டில் பதிவு செய்து, அதிகபட்ச ஒலி அளவுகோலில் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி முன்னாலேயே குறைத்து வையுங்கள். குறைவாகப் பதிந்ததைக் கூட்டிக்கொள்ளலாம். கிழிந்ததைத் தைக்க முடியாது. கூட்டத்துக்குள் நடந்தபடி பதிய வேண்டுமென்றால் லேப்டாப்பை வீட்டில் வைத்துவிட்டு, 32 பிட் ஃப்ளோட்டில் பதியும் கைரெக்கார்டர் கொண்டுபோவதே சரி.

இடம் எவ்வளவு பிடிக்கும்? 48,000 எண்கள், 24 பிட் என்றால் ஒரு ட்ராக்குக்கு நிமிடத்துக்கு 8.64 எம்.பி. எட்டு மைக், ஒரு மணி நேரம் என்றால் நான்கு ஜி.பி.க்குச் சற்று மேல். 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி. தாராளம். மென்பொருளுக்கும் செலவு தேவையில்லை: மேக்கில் கராஜ்பேண்ட் இலவசம், ரீப்பர் எடை குறைந்தது, 60 நாள் முழுமையாகப் பயன்படுத்திப் பார்க்கத் தருகிறார்கள், ஆடாசிட்டி எதிலும் ஓடும்.

மதுரையில் 1916-இல் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமியின் முதல் இசைத்தட்டு, அவருக்குப் பத்து வயதானபோது வெளிவந்தது. அந்தக் காலத்தில் பெரும்பாலும் பாடுகிறவர்தான் ஒலிப்பதிவைத் தேடிப் போக வேண்டும்; போக முடியாதவர்களின் குரல் காற்றோடு போயிற்று. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணனும் அவர் கணவர் நவநீதகிருஷ்ணனும் பாடுகிறவர்களைத் தேடி ஊர் ஊராகப் போனார்கள், ஆயிரக்கணக்கான நாட்டுப்புறப் பாடல்களைத் திரட்டினார்கள். 2018-இல் விஜயலட்சுமிக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. இன்று ஒரு பையில் அடங்கும் லேப்டாப்பும் இன்டர்ஃபேஸும் ஒரு மைக்கும் இருந்தால், மேலூரிலோ சோழவந்தானிலோ உசிலம்பட்டியிலோ திண்ணையே ஸ்டூடியோ. எந்திரம் வந்துவிட்டது. தாலாட்டும் ஒப்பாரியும் நடவுப் பாட்டும் முழுதாகத் தெரிந்தவர்கள்தான் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

எனவே நல்ல லேப்டாப் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். இருப்பதைத் துடைத்து, வைஃபையை அணைத்து, பேட்டரி நிறைத்துக்கொண்டு இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊர்ப் பாட்டியிடம் போங்கள். பதிவின் தொடக்கத்தில் அவர் பெயரையும் ஊரையும் தேதியையும் அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். ஊரை விட்டுக் கிளம்பும் முன் பதிவை வேறொரு டிரைவில் இன்னொரு பிரதி எடுத்துவிடுங்கள். மூன்றாவது பிரதியைப் பென் டிரைவில் போட்டுப் பாட்டி வீட்டிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள்.