இரண்டு லட்சம் மேற்கோள்கள் எதற்காக?

1970 ஆகஸ்டில் ‘நேச்சர்’ இதழில் உல்ரிச் லேம்லியின் ஆறு பக்கக் கட்டுரை ஒன்று வெளியானது. அப்போது அவர் கேம்பிரிட்ஜ் மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் பணியாற்றிய சுவிட்சர்லாந்துக்காரர். பாக்டீரியாவைத் தாக்கும் டி4 என்ற வைரஸின் தலைப்பகுதி எப்படி உருவாகிறது என்பதே கட்டுரையின் பொருள். முன்னோடிப் புரதங்கள் முதலில் கூடிப் பெரிய அமைப்பாகின்றன, அதன் பிறகே நான்கு முக்கியப் புரதங்கள் வெட்டப்படுகின்றன என்று அவர் காட்டினார். அழகான கண்டுபிடிப்பு.

2014-ல் ‘நேச்சர்’ இதழ், உலகில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட 100 ஆய்வுக் கட்டுரைகளைப் பட்டியலிட்டது. அதில் இந்தக் கட்டுரைக்கு இரண்டாம் இடம். மேற்கோள்கள் 2 லட்சத்துக்கும் மேல். ஆனால் அவ்வளவு பேரும் வைரஸின் தலையைப் பற்றி எழுதவில்லை. புரதங்களைப் பிரித்தறிய லேம்லி பயன்படுத்திய மேம்பட்ட செய்முறைக்காகவே அதைச் சுட்டினார்கள். அந்தச் செய்முறையின் விவரம் கட்டுரையில் ஒரு படத்தின் கீழே உள்ள குறிப்பில்தான் இருக்கிறது.

உயிரியல் ஆய்வகத்தில் நுழைந்த எவருக்கும் அது தெரியும். எஸ்.டி.எஸ். என்ற சோப்பு வகை வேதிப்பொருளோடு சூடாக்கினால், மடிந்து கிடக்கும் புரதம் விரிந்து, உடலெங்கும் எதிர்மின்னூட்டம் பெறும். ஜெல்லில் ஊற்றி மின்சாரம் பாய்ச்சினால் சிறியது வேகமாகவும் பெரியது மெதுவாகவும் நகரும். லேம்லி மேலே ஒரு மெல்லிய ஜெல்லையும் சேர்த்தார். புரதங்கள் எல்லாம் அங்கே ஒரே கோடாக நெருங்கி நின்ற பிறகே பிரியத் தொடங்கும். அதனால் பட்டைகள் கூர்மையாக விழுகின்றன. சென்னையிலும் ஜெல் ஓட்டும் மாணவர் ‘லேம்லி பஃபர்’ என்றுதான் கேட்கிறார்.

அந்தப் பட்டியலின் முதலிடத்தில் இருப்பது ஆலிவர் லவ்ரியின் 1951 கட்டுரை, மூன்றாவது பிராட்ஃபோர்டின் 1976 கட்டுரை. இரண்டும் புரதத்தின் அளவைக் கண்டறியும் முறைகள். டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருளைச் சொன்ன 1953 கட்டுரைக்கு நூறில் இடமே இல்லை. காரணம் எளிது. ஒரு முறையைக் கையாள்பவர் ஒவ்வொரு தடவையும் அதன் மூலத்தைக் குறிப்பிட வேண்டும். பெரிய கண்டுபிடிப்போ பாடநூலுக்குள் போய்விடுகிறது, பிறகு யாரும் அடிக்குறிப்பு போடுவதில்லை.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் 1963-ல் வெளியிட்ட வரைபடத்துக்கும் இதுதான் நேர்ந்தது. புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் வளைய முடியும், எவற்றில் முடியாது என்பதை அது காட்டுகிறது. இன்று ஒரு புரத அமைப்பைச் சரிபார்க்கும்போது ராமச்சந்திரன் வரைபடம் தவறாமல் இடம்பெறுகிறது. ஆனால் மேற்கோள் பெரும்பாலும் சரிபார்க்கும் மென்பொருளை எழுதியவர்களுக்கே போகிறது. என் பார்வையில், இந்தக் குறைவான எண் அந்த மூவரின் வெற்றிக்குத்தான் சாட்சி.

மேற்கோள்களைக் கொண்டு ஓர் ஆய்வாளரை மதிப்பிட, 2005-ல் இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் ‘எச்-குறியீடு’ என்ற அளவை முன்வைத்தார். ஒருவருடைய கட்டுரைகளில் 40, தலா 40 முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவர் குறியீடு 40. லேம்லியின் 1970 கட்டுரைக்கு இதில் ஒரே ஒரு இடம்தான், மேற்கோள் இருநூறானாலும் இரண்டு லட்சமானாலும். மொத்த எண்ணிக்கை அவரை வானளவு உயர்த்துகிறது, எச்-குறியீடு அதே சாதனையைக் கண்டுகொள்வதே இல்லை. இரண்டும் ஒரே மனிதரைப் பற்றியவை.

யூஜின் கார்ஃபீல்டு 1964-ல் மேற்கோள் அட்டவணையைத் தொடங்கியது, ஒரு பழைய கட்டுரையைத் தொடர்ந்து வந்த ஆய்வுகளைத் தேடிப் பிடிக்கத்தான். அது பின்னாளில் வேலைக்கும் பதவி உயர்வுக்கும் அளவுகோலானது வருத்தத்துக்குரியது. ஓர் இதழின் கட்டுரைகள் சராசரியாகப் பெறும் மேற்கோள்களைக் காட்டும் ‘தாக்கக் காரணி’யை வைத்துத் தனி ஆய்வாளரை எடைபோடாதீர்கள் என்று 2012-ல் சான் பிரான்சிஸ்கோவில் உயிரணு உயிரியலாளர்கள் கூட்டத்தில் உருவான பிரகடனம் கேட்டுக்கொண்டது.

லேம்லியை எடைபோட விரும்புபவர், அவர் ஜேம்ஸ் பால்சனுடன் 1977-ல் ‘செல்’ இதழில் வெளியிட்ட படங்களைப் பார்க்க வேண்டும். குரோமோசோமிலிருந்து ஹிஸ்டோன் புரதங்களை நீக்கிய பின் நடுவே ஒரு புரதச் சட்டகம் மிஞ்சுகிறது, அதிலிருந்து டி.என்.ஏ. நீண்ட வளையங்களாகப் புறப்பட்டுச் சுற்றிலும் விரிகிறது. குரோமோசோம் ஆய்வாளர்கள் அவரை மதிப்பது இந்தப் பணிக்காக.