பெயரில்லாமல் போன பழுது

பழுதுபார்த்தல் என்பதை நாம் ஒரு முடிவாகவே புரிந்துகொள்கிறோம். தறியில் இழை அறுந்தது, முடிச்சுப் போட்டாச்சு, வேலை தொடர்கிறது. அறுந்த இழையும் முடிச்சுப் போடும் கையும் ஒரே தறியில் இருப்பதால் இந்தப் புரிதல் அங்கே செல்லுபடியாகிறது. பழுது ஓரிடத்திலும், அதைச் சரிசெய்யும் கை வேறிடத்திலும், நடுவே நாலைந்து கம்பெனிகளும் இருந்தால்? 2018இல் திருத்தப்பட்டு 2019இல் மறுபடியும் 'கண்டுபிடிக்கப்பட்ட' ஒரு பிழையை முன்வைத்து இதைப் பேசலாம்.

2017 நவம்பரில் ஷாவ்மி கம்பெனி ரெட்மி 5ஏ என்ற போனை 4,999 ரூபாய் அறிமுக விலையில் இந்தியச் சந்தையில் இறக்கியது. 'தேசத்தின் ஸ்மார்ட்போன்' என்று இந்தியில் விளம்பரம். காஞ்சிபுரத்து நெசவாளர் தெருக்களில் இந்த விலைக்குள் வரும் போன்தான் பல வீடுகளுக்கு முதல் கணினி, ஒரே கணினியும்கூட. சேலைப் படம், கூலிக் கணக்கு, வங்கி, பிள்ளையின் பாடம், சங்கத்துச் செய்தி எல்லாம் அதற்குள்தான். இந்தப் போனின் பெயர் பின்னால் மறுபடி வரும்.

ஆண்ட்ராய்டு போன்களின் அடித்தளம் லினக்ஸ் கெர்னல். ஒரு செயலியின் நினைவகத்தை இன்னொன்று தொடாமல் காவல் காப்பது கெர்னல். தான் மட்டும் எல்லாவற்றையும் தொடக்கூடியதும் அதுவே. கெர்னலை ஏமாற்றினால் போன் முழுவதும் ஏமாற்றுகிறவர் கைக்குப் போய்விடும். செயலிகள் தமக்குள் பேசிக்கொள்ளக் கெர்னலுக்குள் 'பைண்டர்' என்றொரு பகுதி உண்டு. எந்தச் செயலியும் அதைத் தொடாமல் இயங்க முடியாது. பிழை அங்கேதான் இருந்தது.

லினக்ஸ் பெரும்பகுதி சி மொழியில் எழுதப்பட்டது. அதில் நினைவகத்தைக் கேட்டு வாங்குவதும் திருப்பிக் கொடுப்பதும் எழுதுகிறவர் பொறுப்பு. கொடுத்த பிறகும் அந்த முகவரி யாரிடம் மிச்சமிருக்கிறது என்று மொழி கேட்பதில்லை. காமாட்சியம்மன் கோயில் வாசலில் செருப்பை விட்டு 40ஆம் எண் டோக்கன் வாங்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். "40இல் இருக்கிறதை எடுத்துக்கிட்டு வா" என்று ஒரு பையனிடம் சொல்லிவைக்கிறோம். பிறகு நாமே வந்து செருப்பை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். 40ஆம் கட்டம் வேறொருவருக்குப் போகிறது. பையன் சொன்னபடியே வந்து அதிலிருப்பதை எடுத்துப் போகிறான். அவன் மேல் தப்பில்லை. முகவரி சரிதான், இருப்பவர் மாறிவிட்டார்.

பைண்டரில் நடந்தது இதுவே. வேலை செய்யும் ஒவ்வோர் இழைக்கும் நினைவகத்தில் ஒரு துண்டு. அதற்குள் ஒரு காத்திருப்பு வரிசை. 'ஈபோல்' என்ற இன்னொரு பகுதி அந்த வரிசையின் முகவரியைத் தன்னிடம் வைத்திருக்கும். இழை முடிந்ததும் பைண்டர் துண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டது, ஈபோலுக்குச் சொல்லவில்லை. ஈபோல் பிற்பாடு தன் கணக்கை முடிக்கும்போது அந்தப் பழைய முகவரியில் எழுதுகிறது. இடையில் தாக்குபவர் அதே இடத்தைத் தன் தரவால் நிரப்பிவிட்டால், கெர்னல் தன் கையாலேயே அவருக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. திருத்தமோ சில வரிகள்: இழை முடியும்போது, வரிசையை யாராவது பிடித்திருந்தால் விட்டுவிடும்படி சொல்லிவிட்டு, பிறகு துண்டைக் கொடு. அவ்வளவுதான்.

அமைப்பியல் படித்தவர்களுக்கு இங்கே ஒரு சபலம் வரும்: பொருளை இழந்த சுட்டி, மிதக்கும் குறிப்பான் என்று சொல்லிவிடலாமே என்று. நான் அப்படிச் சொல்லத் தயங்குகிறேன். இந்தச் சுட்டி மிதப்பதில்லை. இன்னொருவர் வீட்டில் போய் இறங்குகிறது.

சரி, திருத்தியாச்சே, அப்புறம் என்ன? அங்கேதான் விஷயம் தொடங்குகிறது. 2017 நவம்பரில் கூகுளின் தானியங்கிச் சோதனையான 'சிஸ்பாட்' இப்பிழையைக் காட்டியது. 2018 பிப்ரவரியில் லினக்ஸ் 4.14 பதிப்பிலும் ஆண்ட்ராய்டின் பொதுக் கெர்னல்களிலும் திருத்தம் சேர்ந்தது. ஆனால் அதற்குப் பாதுகாப்புப் பிழை என்ற பெயரோ சிவிஇ எண்ணோ தரப்படவில்லை; ஆண்ட்ராய்டின் மாதாந்திரப் பாதுகாப்பு அறிக்கையிலும் இடம்பெறவில்லை. ஆயிரம் திருத்தங்களில் ஒன்றாக, பெயரில்லாமல் கிடந்தது. போன் கம்பெனிகள் பெயருள்ளதைத்தான் எடுத்துக்கொள்கின்றன.

2019 செப்டம்பர் 27 அன்று கூகுளின் 'புராஜெக்ட் ஜீரோ'வைச் சேர்ந்த மேடி ஸ்டோன் அதே பிழையைப் புகாராக எழுதினார். யாரோ இதை ஏற்கெனவே பயன்படுத்துகிறார்கள் என்பதால் கெடு ஏழே நாள். இஸ்ரேலின் என்எஸ்ஓ நிறுவனம் பயன்படுத்தியது அல்லது விற்றது என்று தமக்குத் தகவல் வந்ததாக அவர்கள் சொன்னார்கள், என்எஸ்ஓ மறுத்தது. மூலநிரலைப் பார்த்த வகையில் பாதிப்புள்ளவை என்று அவர்கள் தந்த பட்டியலில் கூகுளின் பிக்சல் 2 இருந்தது, சாம்சங் எஸ்9 இருந்தது, ரெட்மி 5ஏவும் இருந்தது. அப்போதுதான் சிவிஇ-2019-2215 என்று பெயர் கிடைத்தது. பெயர் கிடைத்ததும் அந்த அக்டோபர் அறிக்கையிலேயே திருத்தம் வந்துவிட்டது. இடையில் இருபது மாதம். திருத்தம் எல்லார் கண்ணுக்கும் முன்னால் திறந்தே கிடந்தது. அதைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு, எந்தெந்தக் கதவு இன்னும் பூட்டப்படவில்லை என்று சொல்லும் குறிப்பாக அது மாறக்கூடியது.

இது யாருடைய போன் என்ற கேள்வியும் உண்டு. அதே 2019 அக்டோபரில், வேறு வகையைச் சேர்ந்த இன்னொரு நினைவகப் பிழை வழியாக என்எஸ்ஓவின் பெகாசஸ் தம் பயனர்கள் சுமார் 1,400 பேரின் போன்களைக் குறிவைத்ததாக வாட்ஸப் வழக்குப் போட்டது. அதில் பீமா கோரேகான் வழக்கறிஞர்களும் செயல்பாட்டாளர்களும் இருந்தார்கள். 2021 ஜூலையில் வெளிவந்த எண்பட்டியலில் தமிழ்நாட்டு இயக்கத்தவர் சிலரின் எண்களும் இருந்ததாக தி வயர் எழுதியது. உச்ச நீதிமன்றக் குழு 29 போன்களை ஆராய்ந்து, ஐந்தில் தீநிரல் இருப்பதாகவும், அது பெகாசஸ்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் 2022இல் தெரிவித்தது. சந்தேகத்தைக்கூட நிரூபிக்க முடியாத இடத்தில் நிற்கிறோம்.

பெயரிடும் அதிகாரத்தின் இன்னொரு முனையும் தெரிந்துவிட்டது. 2024 பிப்ரவரியில் சிவிஇ எண் கொடுக்கும் உரிமையைக் கெர்னல்காரர்களே பெற்றார்கள். பாதுகாப்பைத் தொடக்கூடிய ஏறக்குறைய எல்லாத் திருத்தத்துக்கும் இப்போது எண் உண்டு, ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில். பெயரே இல்லாததும், எல்லாவற்றுக்கும் பெயர் இருப்பதும் கடைசியில் கம்பெனியின் சோம்பலுக்கு ஒரே சாக்காகிவிடக்கூடும்.

மொழியை மாற்றுவது இன்னொரு வழி. திருப்பிக் கொடுத்த நினைவகத்தின் முகவரியை யாரும் வைத்திருக்க ரஸ்ட் மொழி தொகுக்கும்போதே அனுமதிக்காது. ஆண்ட்ராய்டின் பாதுகாப்புப் பிழைகளில் நினைவகப் பிழைகளின் பங்கு 2019இல் 76 விழுக்காடு, 2024இல் 24 என்கிறது கூகுள். சென்னை ஐஐடியின் சக்தி சில்லுக் குழு 2019இல் இதே காவலைச் சில்லுக்குள்ளேயே வைத்துப் பார்த்தது. இவையெல்லாம் வரவேற்கத்தக்கவையே. ஆனால் இவை இனி செய்யப்போகும் போனுக்கு. ஏற்கெனவே விற்றுத் தீர்ந்ததற்கு அல்ல.

போனின் அமைப்புகளுக்குள் போய்ப் பாதுகாப்புத் திருத்தத் தேதியைப் பாருங்கள். 2019 அக்டோபர் 6 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் இந்த ஒரு பிழை தீர்ந்திருக்கும். அதற்குப் பின் வந்த எத்தனையோ பிழைகளுக்கு அந்தத் தேதியும் போதாது. தறி பழசானால் அதைச் செப்பனிடுவதா விறகாக்குவதா என்று நெய்பவர் முடிவு செய்கிறார். போன் பழசாகிவிட்டது என்று முடிவு செய்வது அதை வைத்திருப்பவர் அல்ல. இனித் திருத்தம் அனுப்பத் தேவையில்லை என்று எங்கோ ஒரு கம்பெனி தீர்மானிக்கிற நாளில் அது பழசாகிறது. போனோ வேலை செய்துகொண்டேதான் இருக்கிறது.